வேட்டிக்குள் மறைத்த வீக்கம்: குடலிறக்கம் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்

நம் மின்னிதழின் ஒலிப்பகுதிக்காகப் பேசியது இது. கேட்க வசதிப்படாதவர்கள் படித்துக்கொள்ளட்டும் என்று எழுத்திலும் தருகிறோம். பேச்சு வழக்கு அங்கங்கே அப்படியே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் ஓய்வூதியம் என்று எழுதிக்கொண்டிருப்பவள் நான். இந்த மாதம் குடலிறக்கம் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, எங்கள் குழுவில் இருக்கும் ஒரு அண்ணன் கொஞ்சம் தயங்கி, "அதை வேற யாராவது ஆம்பளைங்க பேசினா நல்லா இருக்குமேம்மா" என்றார். அவர் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தத் தயக்கம்தான் இன்றைய பேச்சின் விஷயமே. ஹெர்னியா என்று ஆஸ்பத்திரியில் சொல்கிறார்களே, அந்த நோயைவிட, அதைச் சொல்லக் கூச்சப்படுவதுதான் நம் ஊரில் அதிகம் பாடுபடுத்துகிறது. எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், எங்கள் வீட்டில் நடந்தது.

எங்க பெரியப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்கியவர். முப்பது வருஷத்துக்கும் மேலே அதே வேலை. வலது பக்கத் தொடையிடுக்கில் அவருக்கு ஒரு வீக்கம் வந்தது. எலுமிச்சம்பழம் அளவில் ஆரம்பித்தது. நின்றால் புடைக்கும், படுத்தால் உள்ளே போய்விடும். வலி இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு பழைய துண்டை நாலாக மடித்து அந்த இடத்தில் வைத்து, மேலே இறுக்கமாகக் கட்டி, அதற்கு மேல் வேட்டி. இப்படியே ஒன்பது வருஷம். பெரியம்மாவுக்கு மட்டும் தெரியும், துணி துவைப்பது அவங்கதானே. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று பெரியம்மா சொல்லும்போதெல்லாம், "நர்சு புள்ளைங்க முன்னாடி வேட்டிய அவுக்கச் சொல்லுவான், போடி" என்பாராம்.

ஒரு நாள் ராத்திரி அந்த வீக்கம் உள்ளே போகவில்லை. கல் மாதிரி ஆகிவிட்டது. வயிறு முறுக்கி வலிக்கிறது, வாந்தி வருகிறது. நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? வாய்வுக் கோளாறு என்று. ஓமத் தண்ணீர் கொடுத்தோம், சோடா வாங்கிக் கொடுத்தோம், வயிற்றில் விளக்கெண்ணெய் தடவி நீவி விட்டோம். விடிகிற வரைக்கும் அவர் உண்மையைச் சொல்லவே இல்லை. காலையில் பெரியம்மா அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் 108-க்கு போன் பண்ணினோம். அறுவை சிகிச்சை முடிந்து வெளியே வந்த டாக்டர், ஒரு சாண் நீளத்துக்குக் குடல் கறுத்துப்போயிருந்தது, வெட்டி எடுத்து இணைத்திருக்கிறோம் என்றார். பெரியப்பா பிழைத்துக்கொண்டார். பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் பல மாதம் வீடு. அந்த வருஷம் வைத்திருந்த அக்கா கல்யாணம் தள்ளிப்போனது.

இதைச் சொல்லலாமா என்று அவரிடமே கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன். "பேரு போடாத, மத்ததெல்லாம் சொல்லு" என்றார்.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாரி டயரில் ஒரு வெட்டு விழுந்தால் உள்ளே இருக்கும் டியூப் அந்த வழியாகப் பிதுங்கிக்கொண்டு வரும், பார்த்திருப்பீர்கள். வயிற்றிலும் இதுதான் நடக்கிறது. வயிற்றின் முன்பக்கச் சுவர், தசையும் அதை மூடியிருக்கும் உறுதியான சவ்வும் சேர்ந்தது. அதில் எங்காவது பலவீனமான இடமோ ஓட்டையோ இருந்தால், உள்ளே இருக்கும் கொழுப்போ குடலோ அதன் வழியாகத் தோலுக்கு அடியில் பிதுங்குகிறது. பேரைப் பார்த்து எப்போதும் குடல்தான் இறங்கும் என்று நினைக்க வேண்டாம். பல சமயம் வெறும் கொழுப்புதான் வரும்.

எந்த இடத்தில் வரும்? பெரும்பாலும் தொடையிடுக்கில். வயிற்றுச் சுவரில் வரும் குடலிறக்கங்களில் நாலில் மூன்று பங்கு அங்கேதான். அதுவும் ஆண்களுக்குத்தான் அதிகம். நூறு ஆண்களை எடுத்துக்கொண்டால் வாழ்நாளில் ஏறக்குறைய 27 பேருக்கு இது வர வாய்ப்பு இருக்கிறது, பெண்களில் மூன்று பேருக்கு. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தாயின் வயிற்றிலேயே இருக்கிறது. ஆண் சிசுவின் விரைகள் முதலில் வயிற்றுக்குள்தான் உருவாகும். பிறப்பதற்கு முன் தொடையிடுக்கில் இருக்கும் ஒரு பாதை வழியாகக் கீழே இறங்கும். இறங்கிய பிறகு அந்தப் பாதை மூடிக்கொள்ள வேண்டும். சிலருக்குச் சரியாக மூடாது. மூடினாலும் அந்த இடம் காலத்துக்கும் கொஞ்சம் பலவீனமாகவே இருக்கும். வலது பக்கம் கொஞ்சம் தாமதமாக இறங்குவதால் அந்தப் பக்கம் அதிகம் வருகிறது என்கிறார்கள்.

தொப்புளில் வரும். ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்த தழும்பில் வரும். தொப்புளுக்கு மேலே நடுவயிற்றிலும் வரும். இரைப்பையின் மேல்பகுதி உதரவிதானத்தின் துளை வழியாக நெஞ்சுக்குள் ஏறிக்கொள்ளும் ஒரு வகையும் உண்டு. அதில் வெளியே வீக்கம் தெரியாது, நெஞ்செரிச்சலும் புளிச்ச ஏப்பமும்தான் தெரியும். அது வேறு கதை, வேறு வைத்தியம். இன்று அதற்குள் போகவில்லை.

மூட்டை தூக்குவதால்தான் வருகிறதா என்று எல்லோரும் கேட்கிறார்கள். அப்படி ஒரே வரியில் சொல்ல முடியாது. மூட்டை தூக்கும் எல்லோருக்கும் வருவதில்லை, நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் வருகிறது. சுவரில் பலவீனம் இருக்க வேண்டும், உள்ளிருந்து அழுத்தமும் இருக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் வரும். அழுத்தம் என்பது பாரம் தூக்குவது மட்டும் இல்லை. வருஷக்கணக்கான இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயதான ஆண்கள் புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் கழிக்க முக்குவது, உடல் பருமன், கர்ப்ப காலம், கல்லீரல் கெட்டு வயிற்றில் நீர் கோர்ப்பது எல்லாமே அழுத்தம்தான். பீடி, சிகரெட் இரண்டு வழியிலும் கெடுக்கும். இருமலைக் கொடுக்கும், சவ்வின் உறுதியையும் குறைக்கும், அறுவை சிகிச்சை செய்த புண் ஆறுவதையும் தாமதப்படுத்தும்.

அதற்காகப் பாரத்தை விட்டுவிடவும் முடியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு மூட்டை 40 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஒரு ஆண் தொழிலாளி சாதாரணமாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரை செய்தது. ஆனால் லாரி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று ஒரே தலையில் இரண்டு சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொள்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். கூலி மூட்டைக் கணக்கில் இருக்கும்போது, மெதுவாகத் தூக்குங்க என்று நான் மைக்கில் சொல்வது சுலபம். அது தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஒரு சின்ன எச்சரிக்கை. உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அது குடலிறக்கத்துக்குக் காரணமா என்று யோசிப்பதற்கு முன் சளியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். காசநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனைக்கு வழி உண்டு, கட்டணம் கிடையாது.

இனி அறிகுறி. நிற்கும்போது, இருமும்போது, முக்கும்போது புடைத்து, படுத்தால் மறையும் ஒரு வீக்கம். இதுதான் முதல் அடையாளம். சிலருக்கு வீக்கம் தெரிவதற்கு முன்னாலேயே அந்த இடத்தில் ஏதோ இழுப்பது மாதிரி, கனமாக இருப்பது மாதிரி தோன்றும். சாயங்காலம் அதிகமாகும். கவனிக்காமல் விட்டால் விரைப்பை வரைக்கும் இறங்கும்.

விரைப்பையில் வீக்கம் என்றாலே குடலிறக்கம் என்றும் இல்லை. நீர் கோர்த்தாலும் வீங்கும், விரைவீக்கம் என்று ஊரில் சொல்வது பெரும்பாலும் அதைத்தான். யானைக்கால் நோய் இருந்த பகுதிகளில் இது நிறையப் பேருக்கு உண்டு. டாக்டர் நிற்க வைத்து, இருமச் சொல்லி, தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் டார்ச் அடித்துப் பார்த்து எது என்று பிரித்துவிடுவார். சந்தேகம் இருந்தால் ஸ்கேன். பரிசோதனை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். எங்க பெரியப்பா ஒன்பது வருஷம் ஓடி ஒளிந்தது இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பயந்துதான்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. குடலிறக்கம் என்றதும் பல அக்காமார்கள் கர்ப்பப்பை இறக்கத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் வேறு. கர்ப்பப்பை இறக்கத்துக்கு மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும், குடலிறக்கத்துக்கு அறுவை சிகிச்சை மருத்துவரை. சிசேரியன் செய்த தழும்பிலோ, வேறு ஆபரேஷன் தழும்பிலோ புடைப்பு தெரிந்தால், "புள்ள பெத்த வயிறு அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். இன்னொன்று, தொடை தொடங்கும் மடிப்புக்குக் கொஞ்சம் கீழே, பாக்கு அளவுக்கு ஒரு சின்ன கட்டி. வயதான பெண்களுக்கு வருவது. நெறி கட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அது குடலிறக்கமாக இருந்தால், வழி மிகவும் குறுகலானது என்பதால் குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து மற்ற வகைகளைவிட அதிகம். அதைத் தள்ளிப்போடவே கூடாது. பாட்டிமார்கள் இதைத் தானாக வந்து சொல்ல மாட்டார்கள், குளிப்பாட்டி விடும் மகளோ மருமகளோதான் கவனிக்க வேண்டும்.

குழந்தைகளுக்கு வருவதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தொப்புள் புடைத்துக்கொண்டிருந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு நாலைந்து வயதுக்குள் தானாகவே மூடிவிடும். அதன் மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்துத் துணியால் கட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் ஓட்டை சீக்கிரம் மூடுவதில்லை, தோல் புண்ணாவதுதான் மிச்சம். ஆனால் தொடையிடுக்கில் வீக்கம் என்றால் கதை வேறு. அது தானாக மூடாது. கைக்குழந்தைக்குச் சிக்கிக்கொள்ளும் ஆபத்தும் அதிகம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு இது வருவது சகஜம். அழும்போது தொடையிடுக்கில் புடைப்பு தெரிந்தால் அன்றைக்கே செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் போகும்போது குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும், வீக்கம் தெரியாது, அப்போது படம் உதவும்.

குழந்தை வாந்தி எடுத்தாலோ ஓயாமல் அழுதாலோ "குடல் ஏறிடுச்சு" என்று எண்ணெய் தடவி உருவி விடுகிறவர்கள் ஊருக்கு ஒருவர் இருப்பார்கள். அவர்கள் கையில் கொடுப்பதற்கு முன், தயவுசெய்து டயப்பரைக் கழற்றித் தொடையிடுக்கைப் பாருங்கள். அங்கே கெட்டியான வீக்கம் இருந்தால் உருவுவது ஆபத்து. நேராக ஆஸ்பத்திரி.

எது அவசரம் என்பதை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். வழக்கமாக உள்ளே போகும் வீக்கம் போகவில்லை, கெட்டியாகிவிட்டது, தொட்டால் வலிக்கிறது, அதன் மேல் தோல் சிவந்தோ கறுத்தோ இருக்கிறது, வாந்தி வருகிறது, வயிறு உப்புகிறது, காற்றும் மலமும் வெளியேறவில்லை. இதில் எல்லாமே வரும் வரை காத்திருக்க வேண்டாம். உள்ளே போகாத வீக்கமும் வலியும் சேர்ந்தாலே போதும், 108-ஐக் கூப்பிடுங்கள். இறங்கிய குடல் அந்த ஓட்டையில் நெரிபட்டு, அதற்குப் போகும் ரத்தம் நின்றுபோகும் நிலை இது. சில மணி நேரத்திலேயே குடல் அழுக ஆரம்பித்துவிடும். வண்டி வரும் வரை எதையும் சாப்பிடக் கொடுக்காதீர்கள், குடிக்கவும் வேண்டாம், ஏனென்றால் போனவுடன் மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம். வீக்கத்தைப் பலமாக அமுக்கி உள்ளே தள்ளாதீர்கள், ஒத்தடம் வேண்டாம், எண்ணெய் வேண்டாம். நாங்கள் இதில் எல்லாவற்றையும் செய்தோம். அதனால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்ல வருகிறது.

பயமுறுத்திவிட்டேன் என்றால் இதையும் கேளுங்கள். அமெரிக்காவில் தொந்தரவு அதிகம் இல்லாத குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, 2006-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு உடனே அறுவை சிகிச்சை, மீதிப் பேரைச் செய்யாமல் கவனித்து வந்தார்கள். காத்திருந்தவர்களில் திடீரென்று சிக்கிக்கொண்டது, ஆயிரம் பேருக்கு வருஷத்தில் இரண்டு பேருக்கும் குறைவாகத்தான் இருந்தது. அதனால் வலியில்லாத சின்ன வீக்கம் உள்ள ஆணுக்கு, "இப்போதைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று டாக்டர் சொன்னால் அதுவும் சரியான வைத்தியம்தான். ஆனால் அதே ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், பத்து வருஷத்துக்குள் மூன்றில் இரண்டு பங்கு பேர், பெரும்பாலும் வலி அதிகமானதால், தாங்களாகவே வந்து ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அவர்கள் டாக்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தவர்கள். ஒளித்து வைத்துக் காத்திருப்பது அந்தக் கணக்கில் வராது. பெண்களின் தொடையிடுக்குக் குடலிறக்கத்துக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

மாத்திரை, கஷாயம், யோகா, பெல்ட் எதுவும் ஓட்டையை அடைக்காது. மெடிக்கல் ஷாப்பில் விற்கும் பெல்ட், அறுவை சிகிச்சைக்கு உடம்பு தாங்காதவர்களுக்கு டாக்டர் சொன்னால் ஓரளவு உதவும். குடல் வெளியே இருக்கும்போதே மேலே பெல்ட்டை இறுக்கினால் அதுவே கெடுதல். கிழிந்த சுவரைச் சரிசெய்ய அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி.

அறுவை சிகிச்சையின் கதை சுவாரஸ்யமானது. இத்தாலியைச் சேர்ந்த பாசினி என்ற மருத்துவர் 1880-களில், தசைகளை இழுத்து ஒன்றோடொன்று தைக்கும் முறையைக் கொண்டுவந்தார். சுமார் நூறு வருஷம் அதுதான் ஓடியது. இழுத்துத் தைப்பதால் வலியும் அதிகம், தையல் விட்டுத் திரும்ப வருவதும் உண்டு. கிழிந்த சட்டையை இழுத்துப் பிடித்துத் தைத்தால் பக்கத்தில் கிழியுமே, அப்படி. 1980-களில் அமெரிக்காவில் லிக்டன்ஸ்டைன் என்ற மருத்துவர், இழுக்காமல் ஒரு வலையை வைத்து ஒட்டுப் போடும் முறையைப் பரவலாக்கினார். இன்று பெரியவர்களுக்கு நம் மருத்துவமனைகளில் செய்வது பெரும்பாலும் இந்த வலை வைக்கும் முறைதான். வலை பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் இழையால் ஆனது. உள்ளேயே தங்கிவிடும், சதை அதன் மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும்.

அந்த வலைக்கு நம் நாட்டில் ஒரு கிளைக்கதை உண்டு. மகாராஷ்டிராவில் தொண்டாய்ச்சா என்ற சிறிய ஊரில் டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர், விலை கூடிய வலையை ஏழைகள் எப்படி வாங்குவார்கள் என்று யோசித்து, கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கம் செய்து வலையாகப் பயன்படுத்தினார். அதன் முடிவுகளை 2003-ல் வெளியிட்டார். பிறகு உகாண்டாவில் 302 ஆண்களிடம் மலிவு வலையையும் விலை உயர்ந்த வலையையும் ஒப்பிட்டு ஆய்வு செய்தார்கள். 2016-ல் வெளியான அந்த முடிவில், திரும்ப வருவதிலோ மற்ற சிக்கல்களிலோ குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டுக் கொசுவலையை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடாதீர்கள். விலை கூடிய வலைதான் நல்ல வலை என்று யாராவது சொன்னால் அசந்துவிட வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

திறந்து செய்வதா, சின்னத் துளை போட்டு லேப்ராஸ்கோப்பியில் செய்வதா? துளை முறையில் வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். இரண்டு பக்கமும் இருந்தால், முன்பு திறந்து செய்த இடத்தில் திரும்ப வந்திருந்தால், அது வசதி. ஆனால் அதற்கு முழு மயக்கம் தேவைப்படும். இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குத் திறந்து செய்யும் முறையே ஏற்றதாக இருக்கலாம். அதை முதுகுத் தண்டில் ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்தோ செய்ய முடியும். குழந்தைகளுக்கு வலை வைப்பதில்லை, பையை முடிச்சுப் போட்டாலே போதும்.

ஆண்கள் கேட்காமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் கேள்வி ஒன்று இருக்கிறது. பெரியப்பாவும் எங்க அப்பாவிடம் மட்டும்தான், அதுவும் டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் கேட்டாராம். ஆண்மை போய்விடுமா? போகாது. வலி குறைந்ததும், பொதுவாக ஓரிரு வாரத்தில், தாம்பத்தியம் உட்பட எல்லாம் வழக்கம்போல. அறுவை சிகிச்சை முடிந்ததும் விரைப்பை வீங்கி நீலம் பாய்ந்திருக்கும், அது தானாகச் சரியாகும். சிலருக்கு அந்த இடத்தில் மரத்துப்போவதும், சிலருக்கு வலி மாதக்கணக்கில் நீடிப்பதும் உண்டு. இதை முன்னாடியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

அன்றைக்கே, இல்லை மறுநாள் நடக்க விட்டுவிடுவார்கள். நடக்கத்தான் வேண்டும், படுத்தே கிடக்கக் கூடாது. பாரம் தூக்குவது மட்டும் நாலிலிருந்து ஆறு வாரத்துக்கு வேண்டாம். தண்ணீர்க் குடமும் பாரம்தான், பேரப்பிள்ளையும் பாரம்தான். இருமல் வந்தால் தையல் போட்ட இடத்தைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமுங்கள். கீரை, வாழைப்பழம், நிறையத் தண்ணீர், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். மீன், முட்டை, கத்தரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள், கேட்க வேண்டாம். காய்ச்சல் வந்தாலோ, புண்ணில் சீழ் தெரிந்தாலோ அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்கள்.

இனி நம் பக்கத்துக்கே உரிய விஷயம், எங்கே போவது, என்ன எடுத்துப் போவது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பொது அறுவை சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. பல வட்ட மருத்துவமனைகளிலும் இந்த ஆபரேஷன் நடக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். கட்டணம் இல்லை. ஆதார், குடும்ப அட்டை, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டு, பழைய ஆபரேஷன் ஏதாவது இருந்தால் அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, இவற்றை எடுத்துப் போங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்தப் பரிசோதனை, ஈ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, மயக்க மருந்து டாக்டர் பார்த்து, அப்புறம்தான் தேதி கிடைக்கும். இரண்டு மூன்று தடவை அலைய வேண்டி வரும். அந்த அலைச்சலைக் கணக்கில் வைத்து, அறுவடை நேரம் இல்லாத மாதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு வருஷத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை இந்தத் திட்டத்தில் சிகிச்சை பெறலாம். தனியார் மருத்துவமனைக்குப் போக நினைத்தால், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, உங்களுக்குச் செய்யப்போகும் சிகிச்சை அங்கே திட்டத்தில் வருமா என்று அட்மிஷன் போடுவதற்கு முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள். கட்டணமில்லாத தொலைபேசி எண் 1800 425 3993. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போக வேண்டும். நோய் வந்த பிறகு ஓடுவதைவிட இப்போதே வாங்கி வைத்தால் அலைச்சல் மிச்சம். போவதா வேண்டாமா என்றே சந்தேகமாக இருந்தால் 104-ஐ அழைத்து முகம் தெரியாமலே பேசலாம், கூச்சப்படுகிறவர்களுக்கு அது நல்ல வழி.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். ஓ.பி. சீட்டு கவுண்டரில் நிற்கும்போது, பின்னாடி இருபது பேர் வரிசையில் இருக்க, உள்ளே இருப்பவர் "என்ன தொந்தரவு?" என்று சத்தமாகக் கேட்பார். அதற்குப் பயந்தே திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். அங்கே விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. "சர்ஜரி ஓ.பி." என்று மட்டும் சொன்னால் போதும், சீட்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மீதியை உள்ளே, திரைக்குப் பின்னால், டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம். பெண்கள், பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கலாம், இல்லையென்றால் கூட ஒரு பெண் செவிலியர் இருக்கச் சொல்லிக் கேட்கலாம்.